மலைக்கென்று சொல்லிவிட்டுப் போனேன்

“மலைக்குப் போறேன் அப்பாயி. ரெண்டு நாள்ல வந்துருவேன்.”

அப்பாயிக்கு மலை என்றால் பத்துமலைதான். வருடம் தவறாமல் தைப்பூசத்துக்கு 272 படிகளையும் ஏறியவர். முழங்கால் மக்கர் செய்யத் தொடங்கிய பிறகும் படிக்கட்டின் அடியில் நின்று அண்ணாந்து கும்பிட்டுவிட்டுத்தான் வருவார். மலை என்று காதில் விழுந்ததும் மறுபேச்சு இல்லை. சாமி மேடையிலிருந்து திருநீறு எடுத்து வந்து என் நெற்றியில் பூசினார். “பாத்து ஏறு சாமி, பாசி வழுக்கும்” என்றார்.

காடு என்ற சொல்லை நான் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் மலையும் காடும் ஒன்றல்ல. மலையில் முருகன் இருக்கிறான். காட்டில் அப்பாயியின் அண்ணன் இருக்கிறார்.

அப்பாயிக்குப் பத்து, பதினோரு வயது இருக்கும்போது ஜப்பான்காரன் காலம். காப்பார் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். ரயில் பாதை போடும் வேலை, மூன்று மாதம்தான், அரிசி கிடைக்கும், சம்பளம் கிடைக்கும் என்று சொல்லி லோரி வந்தது. அண்ணன் ஏறிப் போனார். போனவர் சயாம் காட்டிலிருந்து திரும்பவில்லை. தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர், 1943 அக்டோபரில் தண்டவாளம் இணைந்தது என்று நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்களில் பல்லாயிரம் பேர் காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் அங்கேயே மடிந்தார்கள். அப்பாயிக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. “காட்டுக்குப் போனான், வரல” என்பார். அவ்வளவுதான் அவர் சொல்வது.

இது 2014-ஆம் ஆண்டு ஆகஸ்டு கடைசியில் நடந்தது. அந்த வருடம் மெர்டேக்கா என்னும் சுதந்திர நாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்ததால் திங்களும் விடுமுறை. நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து குனோங் நுவாங் ஏறுவது, ஓர் இரவு காட்டிலேயே தங்குவது என்று முடிவு செய்திருந்தோம். உயரம் 1,493 மீட்டர். கோலாலம்பூரின் இரட்டைக் கோபுரத்தைப்போல் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாலும் அதற்கு எட்டாது. சிலாங்கூரும் பகாங்கும் சந்திக்கும் தித்திவங்சா மலைத்தொடரில், உலு லங்காட்டின் மேல்கோடியில் நிற்கிறது. கினபாலு ஏறப் போகிறவர்கள் பழகிக்கொள்ள இங்கேதான் வருவார்கள். நுவாங்கை ஏறி இறங்கினால் கினபாலு கைக்கு வந்த மாதிரி என்று மலையேறிகள் சொல்வதுண்டு.

எனக்கு இந்த ஆசை எங்கே தொடங்கியது என்று கேட்டால் தேதியோடு சொல்லிவிடுவேன். 1997 மே 23. எம். மகேந்திரனும் என். மோகன்தாசும் எவரெஸ்ட் உச்சியில் நின்ற நாள். மலேசியர்களில் முதலில் ஏறிய இருவரும் தமிழர்கள். நான் அப்போது கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு. செய்தி வந்ததும் ஆசிரியர் கரும்பலகையில் பெரிதாக ஒரு மலையை வரைந்து, உச்சியில் இரண்டு கோடு போட்டு, “நம்ம பிள்ளைங்க” என்றார். வகுப்பே கை தட்டியது. அன்று மாலை அப்பா நாளிதழிலிருந்து படத்தை வெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டினார். பசை காய்ந்து மஞ்சளாகி உதிரும்வரை அது அங்கேயே இருந்தது.

அதே அப்பாதான் நுவாங் என்றதும் முகம் சுளித்தார்.

“நெத்தியில விளக்கைக் கட்டிக்கிட்டு விடியக்காலையில காட்டுல நடந்தது போதும்னுதானே உங்களையெல்லாம் வெளிய கொண்டாந்தேன்?”

அப்பா பத்தொன்பது வயதிலிருந்து பால்மரம் வெட்டியவர். பெரட்டுக்கு நின்று பெயர் கொடுத்து, இருட்டோடு இருட்டாகத் தீம்பாருக்குள் இறங்கி, வெயில் ஏறுமுன் நிரையை முடிக்க வேண்டும். தோட்டம் வீட்டுமனைகளாக மாறியபோது நாங்கள் கிள்ளானுக்கு வந்தோம். அப்பா துறைமுகத்தில் லோரி ஓட்டினார். கொசுவும் அட்டையும் இல்லாத கல்வீடு அவருக்குப் பெரிய வெற்றி. அதை விட்டுவிட்டு மகன் சொந்தக் காசில் உள்ளே போகிறேன் என்கிறான். அவருடைய கோபத்தை நான் தப்பு சொல்ல மாட்டேன்.

ஆனால் கிளம்புவதற்கு முந்தின நாள் ஒரு பையோடு வந்தார். உள்ளே கம்போங் அடிடாஸ். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: முழுக்க ரப்பரில் வார்த்த கறுப்புக் காலணி, அடியில் காற்பந்துக் காலணிபோல் குமிழ் குமிழாக இருக்கும். அப்போது பத்து வெள்ளிக்குள் சாமான் கடையில் கிடைத்தது. உள்ளே தண்ணீர் புகுந்தாலும் ஒரு உதறு உதறினால் போய்விடும். பால்மரம் வெட்டுகிறவர்கள் போட்டது, செம்பனைக் குலை அறுக்கிறவர்கள் போட்டது, இன்று மலை வழிகாட்டிகளும் போடுவது. “ஒரு நம்பர் பெருசா வாங்கியிருக்கேன், ரெண்டு காலுறை போட்டுக்க” என்றார். காலுறைக்குள் புகையிலைத் தூள் தூவச் சொன்னார். போகாதே என்று அதற்குப் பிறகு சொல்லவில்லை.

சனிக்கிழமை விடியுமுன்னே பிரிக்பீல்ட்ஸில் கூடினோம். பிரிக்பீல்ட்ஸ் நண்பனின் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரயில்வேயில் கிராணி வேலை பார்த்தவர். ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த குடும்பம். அவன் அம்மா ஐந்து பேருக்கும் காணும் அளவுக்கு இடியப்பம் கட்டிக் கொடுத்தார். செராஸிலிருந்து தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவரும் அவர் கணவரும் வந்தார்கள். காஜாங்கிலிருந்து ஒரு சீன நண்பர். நுவாங்கை நாலு தடவை ஏறியவர், அதனால் அவர்தான் தலைவர். நாங்கள் அவரை அப்படியே கூப்பிட்டோம். ‘தலைவா’ என்றால் திரும்பிப் பார்ப்பார்.

பத்து மணிக்குப் பங்சூன் நுழைவாயிலில் பெயர், கைத்தொலைபேசி எண், எத்தனை பேர், எப்போது திரும்புவோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு உள்ளே போனோம். பங்சூன் வழியில் முதலில் வருவது மலையே அல்ல. சடக்கு. ஜீப் போகும் அளவுக்கு அகலமான செம்மண் பாதை, கிட்டத்தட்ட ஐந்து கிலோமீட்டர். முடிவில்லாத சடக்கு என்றே மலையேறிகள் அதைச் சொல்வார்கள். கொஞ்சம் ஏறும், வளையும், வளைவு தாண்டினால் இன்னொரு வளைவு. இரண்டு பக்கமும் மூங்கில், அதன் பின்னால் பெருமரங்கள், கீழே எங்கேயோ தண்ணீர். முதுகில் பதினைந்து கிலோ. மூன்றாவது வளைவிலேயே யாரும் பேசவில்லை.

பத்துமலைப் படியில் மூன்று வாரம் மூட்டையோடு ஏறி இறங்கிப் பழகியிருந்தோம். படிக்கட்டு கால்களைத் தயார் செய்யும், உண்மைதான். ஆனால் நடை என்பது வேறு. எல்லோரும் ஒரே வேகத்தில் நடக்க மாட்டார்கள் என்பது அந்தச் சடக்கில்தான் புரிந்தது. நானும் பிரிக்பீல்ட்ஸ்காரனும் முன்னே போய்விட்டோம். தலைவர் பின்னாலிருந்து விசில் ஊதி நிறுத்தினார். வந்து சேர்ந்து மூச்சு வாங்கியபடி சொன்னார்: “டீச்சர் முன்னாடி போகட்டும். நாம எல்லாம் அவங்க பின்னாடி.” மெதுவாக நடப்பவர் முன்னே, வேகக்காரர் கடைசியில். அதற்குப் பிறகு இரண்டு நாளும் அப்படித்தான் நடந்தோம்.

மதியம் கேம் லோலோ என்ற முகாம். சுங்கை லோலோ கற்களுக்கிடையில் நுரைத்து ஓடும் இடம். கூடாரம் அடித்து, சார்டின் டின்னை உடைத்து, வெங்காயமும் மிளகாயும் வதக்கி, காலையில் கட்டி வந்த இடியப்பத்தோடு சாப்பிட்டோம். அப்படி ஒரு ருசியை நான் எந்தக் கடையிலும் கண்டதில்லை.

சாப்பிட்டுவிட்டு டீச்சர் பாறைமேல் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டார். ரொம்ப நேரம் பேசவே இல்லை. அந்த வருடத் தொடக்கத்தில் மழை பொய்த்து, அணைகள் வற்றி, சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் தண்ணீர்ப் பங்கீடு நடந்தது. இரண்டு நாள் வரும், இரண்டு நாள் வராது. செராஸில் அவர்கள் ஆறாவது மாடி. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வாளி வாளியாகத் தூக்கியவர். “இதுதானா அது?” என்று கடைசியில் கேட்டார். இதேதான். லோலோ கீழே போய் லங்காட்டில் சேர்கிறது. லங்காட் ஆறு இந்த மலைச்சரிவுகளில் பிறந்து, வழியில் அணையில் தேங்கி, சுத்திகரிக்கப்பட்டு நம் குழாய்களுக்கு வருகிறது. மரம் இருக்கும்வரைதான் இந்த ஓட்டம். மழைநீரை இலையும் வேரும் மண்ணும் பிடித்து வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல விடுகின்றன. டீச்சர் இரண்டு கையாலும் அள்ளி முகத்தில் அறைந்துகொண்டார். அழுதாரா என்று தெரியவில்லை, முகம் முழுக்கத் தண்ணீர்.

இப்போது நினைத்தால் ஒரு விஷயம் நெஞ்சைப் பிசைகிறது. கூடாரத்தைத் தண்ணீரிலிருந்து பத்து அடி தள்ளித்தான் போட்டிருந்தோம். ஓசை கேட்டுக்கொண்டே தூங்கலாம் என்று ஆசை. 2022 டிசம்பர் 16-ஆம் தேதி விடிவதற்கு முன் பத்தாங்காலியில் முகாம் இடத்தின்மேல் மண் சரிந்து, தூங்கிக்கொண்டிருந்த 31 பேர் இறந்தார்கள். குழந்தைகளும் இருந்தார்கள். அதற்குப் பிறகு எங்கே கூடாரம் போட்டாலும் முதலில் மேலே சரிவைப் பார்க்கிறேன், பிறகு தண்ணீர் எந்த உயரம்வரை வந்து போன அடையாளம் இருக்கிறது என்று கற்களில் பார்க்கிறேன். ஆசைக்கு இடம் அப்புறம்தான்.

ஏழு மணிக்குச் சிள்வண்டு ஆரம்பித்தது. இரும்பை அறுப்பதுபோல் காடு முழுக்க ஒரே இரைச்சல், பிறகு யாரோ நிறுத்தியதுபோல் நின்றது. இருட்டு. நகரத்தில் இருக்கிற இருட்டு இல்லை, கையை முகத்துக்கு நேரே நீட்டினாலும் தெரியாத இருட்டு. மைலோ கலக்கிக் குடித்தோம். தலைவர்தான் பேச்சைத் தொடங்கினார். அவர் தாத்தா காட்டோரத்தில் மரவள்ளி போட்டுப் பிழைத்தவர். அவசரகாலத்தில், 1950-இல், லோரியில் ஏற்றி முள்வேலி போட்ட புதுக்கிராமத்துக்குக் கொண்டுபோனார்கள். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுப் படையினருக்கு அரிசி போய்விடக்கூடாது என்று. தாத்தா சாகிறவரை காட்டை எட்டித்தான் பார்த்தாராம், உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. பிரிக்பீல்ட்ஸ்காரன் தன் தாத்தா ரயில் ஜன்னலிலிருந்து மட்டுமே காட்டைப் பார்த்தவர் என்றான்.

என் முறை வந்தது. சயாம் ரயிலைப் பற்றிச் சொன்னேன். சொல்லி முடித்ததும் பிரிக்பீல்ட்ஸ்காரன் கேட்டான்: “பேர் என்னடா அவருக்கு?” எனக்குத் தெரியவில்லை. அப்பாயி ‘அண்ணன்’ என்றுதான் சொல்வார். நாங்கள் யாரும் பெயரைக் கேட்டதே இல்லை.

அன்றிரவு ரொம்ப நேரம் தூக்கம் பிடிக்கவில்லை.

நாலு மணிக்கு எழுந்து நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பினோம். முன்னால் போகிறவரின் குதிகால்மேல் ஒரு வட்ட வெளிச்சம், அதைத் தவிர ஒன்றுமில்லை. ஈர இலை வாசம். அப்பா இருபது வருடம் நடந்த இருட்டு இதுதான் என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. தோட்டத்தில் மரங்கள் வரிசையாக நிற்கும், பாம்பு இருந்தாலும் பாதை தெரியும். இங்கே பாதை என்பது வேர். வேரைப் பிடித்து, வேரில் கால் வைத்து, வேருக்கு வேர் ஏறவேண்டும். லோலோவைத் தாண்டியதும் மலை செங்குத்தாக எழும்பிவிடுகிறது.

விடியும் நேரத்தில் சியாமாங் குரங்குகள் கூவின. தொண்டைப் பையை ஊதி அவை எழுப்பும் சத்தம் ஒரு பள்ளத்தாக்கிலிருந்து எழ, எதிர்ப் பள்ளத்தாக்கு பதில் சொன்னது. ஐந்து பேரும் நின்றுவிட்டோம். பாதிப் பாதையில் மூச்சு வாங்க நின்றபோது கேட்டதாலோ என்னவோ, அந்தச் சத்தம் மார்புக்குள்ளேயே அதிர்ந்தது.

அடுத்தது கேம் பாச்சாட். பாச்சாட் என்றால் மலாயில் அட்டை. பெயரிலேயே எச்சரிக்கை. ஓர் இலை நுனியில் தீக்குச்சி அளவுக்கு ஒன்று எழுந்து நின்று, உடம்பை வளைத்து வளைத்து, எங்கள் மூச்சு வரும் திசையைத் தேடியது. நான் குனிந்து பக்கத்திலேயே பார்த்தேன். கண் இல்லாததுபோல் இருந்த அந்தச் சின்ன உயிர் என் பக்கம் திரும்பியதும் நீண்டது. புகையிலைத் தூள் வேலை செய்தது, ஆனால் வியர்வையில் கரைந்துபோனது. இடது கணுக்காலுக்கு மேலே ஒன்று ஏறியிருந்ததை நான் கவனிக்கவில்லை.

அங்கேதான் பிரிக்பீல்ட்ஸ்காரனின் காலணி வாய் பிளந்தது. முந்நூறு வெள்ளிக்கு மேல் கொடுத்து வாங்கிய மலைக் காலணி. அடிப்பாகம் பாதி கழன்று தொங்கியது. தலைவர் ராஃபியா கயிற்றை எடுத்துச் சுற்றிச் சுற்றிக் கட்டினார். கட்டோடுதான் உச்சிவரை போனான்.

புஞ்சாக் பெங்காசே என்ற முதல் உச்சியை அடைந்ததும் முடிந்துவிட்டது என்று நினைப்போம். முடியாது. அங்கிருந்து இறங்கி, மறுபடி ஏறவேண்டும். மரங்கள் குட்டையாகிவிட்டன, கிளைகளெல்லாம் பாசி போர்த்தியிருந்தன. ஒன்பதரைக்கு உச்சி. மேகம் எல்லாவற்றையும் மூடியிருந்தது. டீச்சர் மடித்துக் கொண்டுவந்த ஜாலோர் கெமிலாங் கொடியை விரித்துப் பிடித்தார். ஜண்டா பாய்க் பக்கமிருந்து ஏறிவந்த மலாய் மாணவர்கள் சிலர் எங்களைப் பார்த்ததும் நாட்டுப்பண் நெகாராக்கூ பாட ஆரம்பித்தார்கள். நாங்களும் சேர்ந்து பாடினோம். மெர்டேக்கா நாள், குளிர், சேற்றில் முழங்கால்வரை ஊறிய பத்துப் பதினைந்து பேர். பாடி முடிக்கும்போது மேற்கே மேகம் கொஞ்சம் கிழிந்தது. தூரத்தில் கோலாலம்பூர், ஊசிபோல் இரண்டு கோபுரம். அதற்கும் அப்பால் கிள்ளான் இருக்கும் திசையில் வெறும் வெளிச்சம். மேகம் திரும்ப மூடிக்கொண்டது.

இறக்கத்தில்தான் சோதனை. பன்னிரண்டு மணிக்கே மழை பிடித்தது. டீச்சரின் கணவர் வழுக்கி முழங்காலைத் திருகிக்கொண்டார். மூங்கில் கழி வெட்டிக் கொடுத்தோம். லோலோவுக்கு வந்தபோது ஆறு வேறு ஆறாக இருந்தது. நேற்று பளிங்குபோல் ஓடியது இன்று தேயிலை நிறத்தில் கல்லை உருட்டிக்கொண்டு போனது. எதிர்க்கரையில் எங்கள் கூடாரம் தெரிகிறது, அடுப்பு தெரிகிறது, முப்பதடி தூரம். பிரிக்பீல்ட்ஸ்காரன் இறங்கப் பார்த்தான். தலைவர் அவன் பையைப் பிடித்து இழுத்தார். “கெப்பாலா ஆயர்” என்றார். மேலே பெய்த மழை ஒரே சுவராகத் திரண்டு வருவதற்கு இங்கே சொல்லும் பெயர். வானம் இங்கே வெளுத்திருந்தாலும் மேலே பெய்தால் வரும். உலு லங்காட் ஆறுகளில் குளிக்கப் போனவர்களை அது கொண்டுபோயிருக்கிறது. ஒன்றரை மணி நேரம் மழையில் ஒருவரோடு ஒருவர் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒரு கல்லைக் குறி வைத்துக்கொண்டு, அதன் தலை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தோம். தெரிந்த பிறகும் தலைவர் கால் மணி நேரம் காத்திருந்தார். அன்று அவர் பொறுமையாக இருந்ததால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று இன்றும் நம்புகிறேன்.

சடக்கில் இறங்கும்போதே பொழுது சாய்ந்துவிட்டது. முழங்கால்காரர் முன்னே, நாங்கள் பின்னே, ஒரு வளைவுக்கு ஒருமுறை நின்று. இரண்டு மணி நேரப் பாதை நாலு மணி நேரமானது. அவர் ஒரு சொல் முனகவில்லை. டீச்சர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வகுப்பில் சொல்வதுபோல் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே நடந்தார், அவர் திருப்பிச் சொல்லிக்கொண்டே வந்தார். பதினாறாம் வாய்ப்பாட்டில் நுழைவாயிலின் விளக்கு தெரிந்தது.

கிள்ளானில் வீடு சேர்ந்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். காலணியைப் பார்த்தார். சேறு காய்ந்து ஒட்டியிருந்தது, எங்கேயும் கிழியவில்லை. எடுத்துக் குழாயடியில் கழுவி, சுவரில் சாய்த்து வைத்தார்.

அப்பாயியும் விழித்திருந்தார். நான் காலுறையை உருட்டிக் கழற்றியபோது கணுக்காலிலிருந்து மெல்லிய கோடாக இரத்தம் இறங்கியது. அட்டை எப்போதோ விழுந்துவிட்டது, இரத்தம் மட்டும் உறையாமல் கசிந்துகொண்டிருந்தது. எண்பது வயதைத் தாண்டியவரானாலும் அப்பாயிக்கு அந்தக் காயம் தெரியும். குனிந்து பார்த்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“மலைன்னு சொன்னியே சாமி.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்துபோய் வெற்றிலைப் பெட்டியை எடுத்து வந்தார். விரல் நுனியில் சுண்ணாம்பு எடுத்து, என் காலை மடியில் வைத்துக்கொண்டு, கடிவாயில் அழுத்தினார். எரிந்தது. அவர் விரலை எடுக்கவில்லை.

“அண்ணன் பேர் என்ன அப்பாயி?” என்று கேட்டேன்.

“முத்து” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, என் காலைப் பார்த்தபடியே சொன்னார்: “அவனுக்கும் அட்டை கடிச்சிருக்கும். யாரு சுண்ணாம்பு வச்சாங்களோ.”